கேட்டல் என்னும் அறம்

பேச்சுத்திறனை வளர்ப்பதற்கு மன்றங்கள் பல உள. கேட்கும் பண்பை வளர்ப்பதற்கென அமைந்தவை அரியன. இருவர் உரையாடுமிடத்து, ஒருவர் பேசி முடிக்குமுன்னரே மற்றவர் தம் மறுமொழியை மனத்துள் ஆயத்தஞ் செய்துவிடுகின்றார். செவி திறந்திருப்பினும் ஆங்குக் கேட்டல் நிகழ்வதில்லை. கேட்டல் வெறும் புலனுணர்வன்று. தன் முடிவைச் சற்றே ஒத்திவைக்கும் ஒழுக்கம் அது. எனவே அது அறத்தின்பாற்பட்டது.

தமிழில் 'கேள்' என்னும் வினை செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே சுட்டும். வினவாது செவிமடுப்பவன் பாதியே கேட்டவனாவான். திருக்குறளில் 'கேள்வி' 42ஆம் அதிகாரமாக, கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே, அரசியல் என்னும் பகுதியில் அமைந்துள்ளமை நோக்கற்பாலது. அதிகாரம் உடையவனுக்கே கேட்கும் கடமை மிகுதி என்பதை இவ்வமைப்பு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இதனைச் சிலப்பதிகாரம் தெளிவுறக் காட்டுகின்றது. தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன், வழியிற் கண்ட பொற்கொல்லனின் சொற்களைச் செவிமடுத்தான். கோவலனை அழைத்து ஒரு வினாத்தானும் வினவினானல்லன். செவியில் விழுந்த முதற் சொல்லே தீர்ப்பாயிற்று. அதே மன்னன் பின்னர்க் கண்ணகியை அவைக்கு அழைத்து, அவள் யார், அவள் குறை யாதென வினவினான்; சிலம்பைக் கொணர்வித்தான். தன் தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துக்கள் என்பதையும் மறையாது உரைத்தான். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, தன் தவற்றை ஏற்று உயிர்நீத்தான். முதலில் அவன் கேட்டது அவனது விரைவுக்கு இசைந்தது. பின்னர்க் கேட்டது அவனையே குற்றவாளியாக்கியது. உண்மையான கேட்டலுக்கு இத்துணிவு இன்றியமையாதது.

அன்றாட வாழ்வில் இத்துணைப் பெருவிலை கொடுக்க நேர்வதில்லை. இழக்க வேண்டியது பெரும்பாலும் தன் கருத்தொன்றையே. ஆயினும் அதனையும் இழக்க ஒருப்படாமையாலேயே, 'இவன் கூறப்போவது தெரிந்ததே' என்று தந்தை மகனையும், விரிவுரையாளர் மாணவனையும், ஒரு சாரார் மற்றொரு சாராரையும் இடைமறிக்கின்றனர்.

கேட்பதெனின் உடன்படுதலோ எனச் சிலர் வினவலாம். அன்று. பிறர் கருத்தை, அவரே 'ஆம், இதுவே யான் கூறியது' என்று ஏற்குமாறு எடுத்துரைத்த பின்னர் மறுப்பதற்குத் தடையேதுமில்லை. அவ்வாறு எடுத்துரைக்க இயலாதவன் மறுப்பது பிறர் கருத்தையன்று. தான் கற்பித்துக்கொண்ட ஒன்றையே.

கோவலனை அன்று ஒரு நாழிகை கேட்டிருப்பின் மதுரை எரிந்திராது. கேளாமையால் விளையும் கேடு, கேளாதவனோடு மட்டும் முடிவதில்லை.