கண் தொட்டு அறிகிறதா?

ஒளி, இருள், நிழல், வெயில் ஆகியவற்றைப் புத்கலத்தின் நிலைகளாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. ஒளியைத் துகளாக எண்ணும் இன்றைய அறிவியலை இதற்குச் சான்று காட்டி நாம் மேடைகளில் மகிழ்வதுண்டு. அந்நூலின் முதல் அத்தியாயத்தில் உள்ள மற்றொரு சூத்திரத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. ஏனைய புலன்களைப் போலன்றி, கண்ணும் மனமும் பொருளைத் தொடாமலே அறியும் என்று அதற்கு உரை கூறுவர்.

2001-ஆம் ஆண்டில், மாஸ்கோவில் ஆசிரியர் கல்விக்கென அமைந்த அரசுப் பல்கலைக்கழகத்தில், கிரிகோரி கோல்ட்ஸ்மன் குழுவினர் ஒரே ஓர் ஒளித்துகளையும் உணரும் மீக்கடத்திக் கருவியை உருவாக்கினர். (அது பிறந்த இடம் குறித்து, ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்குச் சிறிது பெருமிதம்.) நையோபியம் நைட்ரைடு என்னும் சேர்மத்தாலான நுண்பட்டை அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஐந்து கூறே அதன் தடிப்பு. சுழியத்திற்குக் கீழே 269 டிகிரி வரை குளிர்வித்தால் அதில் மின்தடை அறவே நீங்கும். அந்நிலையில், பட்டை தாங்கும் எல்லைக்குச் சற்றே குறைவாக மின்னோட்டம் செலுத்தி வைப்பர். ஓர் ஒளித்துகள் விழுந்து உறிஞ்சப்பட்டதும் அவ்விடம் சூடேறும், தடை தோன்றும், ஒரு மின்துடிப்பு எழும். நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள் பட்டை மீண்டும் குளிர்ந்து அடுத்த துகளுக்கு ஆயத்தமாகிவிடும். உணரப்பட்ட துகளோ இல்லாமற் போயிருக்கும்.

நம் விழித்திரையும் இவ்வகையில் வேறன்று. ஒளி அங்கே உறிஞ்சப்பட்ட பின்னரே காட்சி உண்டாகிறது. அங்ஙனமாயின் சூத்திரம் பிழையா? வேப்பம்பட்டில் ரயிலேறிப் பொறியியல் பயிலச் செல்லும் நம் பேரப்பிள்ளைகள் இவ்வாறு வினவினால், சியாத்வாதம் என்ற ஒரு சொல்லைக் கூறி நாம் நழுவிவிடலாகாது.

பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் நழுவவில்லை. கண் தொட்டறிவதாயின் தன்னிடம் தீட்டிய மையைக் காண வேண்டுமே, காணவில்லையே என்று காரணம் காட்டினார். காரணம் காட்டுவோர் மறுப்புக்கும் இடந்தருகின்றனர். அவர்வழி நின்றே நாமும் ஆராயலாம். பொன்னூர் மலையை நோக்குங்கால் விழி மலையைத் தொடுவதில்லை. இந்த அளவில் உரை நிற்கும். ஆனால் மலையிலிருந்து வரும் ஒளி விழியைத் தொடுகிறது. அவ்வொளி புத்கலம் என்று நம் நூலே கூறிவிட்டது. எந்த நயத்தால் தொடாமை, எந்த நயத்தால் தொடுதல் என்று பிரித்துச் சொன்னால்தான் அது சியாத்வாதம். அதனை விடுத்து, அறிவியல் கண்டவை யாவும் முன்பே நம்மிடம் இருந்தன என முழங்குவது வாய்மை விரதத்திற்கு இழுக்கு.

இதனால் சமயமே ஆட்டங்காணும் என்று அஞ்சுவோரும் உளர். இங்கே பேசப்படுவது புலன்வழி வரும் மதிஞானம் மட்டுமே. கேவலஞானத்திற்குக் கண்ணும் வேண்டா, ஒளியும் வேண்டா. அதனை அளக்க மாஸ்கோவின் பட்டைக்கு வழியில்லை.