யார் செய்த வினை?

ராஜகிருகத்து மூங்கில் தோப்பில் புத்தர் தங்கியிருந்தபோது மோலிய சீவகன் என்ற நாடோடித் துறவி அவரைத் தேடி வந்தார். மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்பு செய்த வினையின் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். வினைக்கொள்கையைப் போதித்த புத்தர், ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எட்டுக் காரணங்களை வரிசையாகச் சொன்னார்: பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, திடீரென்று நேரும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாத் துன்பத்தையும் அந்த எட்டாவதிலேயே அடைப்பவர்கள் தாங்கள் நேரில் அறிந்ததை மீறிப் பேசுகிறார்கள், உலகம் உண்மையென்று ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அது இரண்டு குரல்களில் கேட்கும். “நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்பார் நோயாளி. “நாக்கைக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?” என்பார் கூட வந்தவர். முதல் குரல் போன ஜென்மத்தைத் துழாவுகிறது, இரண்டாவது நேற்றைய சாப்பாட்டுத் தட்டைத் துழாவுகிறது. இரண்டும் தேடுவது ஒரு குற்றவாளியை.

இரண்டாவது குரலுக்கு அறிவியலின் அங்கீகாரம் கிடைத்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில். 1940களில் அங்கே சுமார் 28,000 பேர் வாழ்ந்தார்கள். 1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 300/190 என்று பதிவானது. வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அது இயல்பு என்று நம்பிய மருத்துவர்கள் அன்று ஏராளம். இந்த அறியாமையைப் போக்க, மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல், ஃப்ரேமிங்ஹாமில் 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேர் ஓர் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். 2,336 ஆண்கள், 2,873 பெண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். மருந்து தருவதாகவோ நோயைத் தீர்ப்பதாகவோ யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று ஒரு ஊரே தன் ரத்தத்தையும் பழக்கங்களையும் திறந்து காட்டியது. கொடை என்ற சொல் இதற்குப் பொருந்தும்.

1961இல் அந்த ஆய்வின் ஆறாண்டுக் கணக்கை வில்லியம் கேனலும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘ஆபத்துக் காரணி’ என்ற கருத்து பரவியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், அதே காலத்தில் புகைப்பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. கோடிக்கணக்கான உயிர்களுக்கு உதவிய அறிவு இது. அதைக் குறைத்துச் சொல்ல இடமே இல்லை.

ஆனால் ‘காரணி’ என்பது தீர்ப்பு அல்ல. கொலஸ்ட்ரால் கூடிய ஆயிரம் பேரில் இத்தனை பேருக்கு மாரடைப்பு வரலாம் என்று அது சொல்லும். அந்த ஆயிரத்தில் ஒருவரைக் கைகாட்டி, இவருக்கு வந்தது இவர் செய்ததால்தான் என்று சொல்ல அதற்கு வலுவில்லை. பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1980களில் இதைத் தெளிவாக்கினார். மிக அதிக ஆபத்தில் இருக்கும் சிலரைவிட, கொஞ்சம்போல ஆபத்தில் இருக்கும் பெருங்கூட்டத்திலிருந்துதான் நோயாளிகள் அதிகம் வருகிறார்கள். ஒருவருக்கு ஏன் நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. ஓர் ஊருக்கு ஏன் இத்தனை நோய் வந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு இரண்டாவதன் விடையைச் சொல்லும்போதுதான் எண்ணிக்கை பழிச்சொல்லாக மாறுகிறது.

நம் மரபில் இந்தக் கவனம் இல்லாமல் இல்லை. திருக்குறளில் ஊழ் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். மருந்து பொருட்பாலில் 95ஆவது. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளையும் தேடிப் பார்த்தாலும் ஊழ், பாவம் என்ற பேச்சு வராது. செரித்ததா, பசித்ததா, அளவு தெரிந்ததா என்றுதான் வள்ளுவர் கேட்கிறார். உரை எழுதிய பரிமேலழகர் இதைக் கவனித்து, அதிகார முன்னுரையில் ஒரு கோடு கிழிக்கிறார். பழவினையால் வரும் நோய் ஒன்று, பிற காரணங்களால் வரும் நோய் ஒன்று. வள்ளுவர் முதலாவதை விலக்கிவிட்டு இரண்டாவதற்குத்தான் மருந்து சொல்கிறார் என்கிறார். பழவினையை அவர் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியரின் திண்ணைக்கு அதைக் கொண்டுவரவும் விடவில்லை.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் மாணவர் அக்னிவேசர் இன்னும் நேராகக் கேட்கிறார்: ஆயுள் முன்பே குறிக்கப்பட்டதா? ஆசிரியர் ஆத்ரேயர் சொல்லும் விடையில் ஒரு வண்டி அச்சு வருகிறது. நல்ல அச்சு தன் காலம் வரை உழைத்துத் தேய்ந்து முடியும். அதே அச்சு பாரம் மிஞ்சினால், பாதை குண்டும் குழியுமாக இருந்தால், ஓட்டுபவர் சரியில்லை என்றால் நடுவழியிலேயே முறியும். தெய்வமும் உண்டு, மனித முயற்சியும் உண்டு, எது வலியதோ அது மற்றதை வெல்லும் என்பது அவர் முடிவு. இந்த உவமையில் மேடுபள்ளமான பாதையும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதையை அச்சு போட்டுக்கொள்ளவில்லை.

பாதை எப்படி உடம்புக்குள் இறங்கும் என்பதற்கு மைசூரில் ஒரு சாட்சி உண்டு. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை பதிவேட்டில் இருந்தது. அந்தக் குழந்தைகளில் 517 பேரை அவர்கள் நடுவயதை எட்டிய பிறகு தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996இல் வெளியான முடிவு இது: எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அரைவயிறு உண்ட தாயின் குறை, ஐம்பது வருஷம் கழித்து மகனின் நெஞ்சில் வலிக்கக்கூடும். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள் இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று கேட்பார்கள். இயேசு இரண்டையும் மறுப்பார். மைசூர்ப் பதிவேட்டைப் புரட்டினால் அதே மறுப்பைத்தான் சொல்லத் தோன்றும். அந்தத் தாயின் பசி யாருடைய பாவம்?

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. அதற்குச் சாட்சி பின்லாந்தின் கிழக்கு எல்லையில் உள்ள வட கரேலியா. 1970 வாக்கில், உலகிலேயே மிக அதிகமாக மாரடைப்பில் சாகும் ஆண்களில் அந்தப் பகுதிக்காரர்கள் இருந்தார்கள். காட்டிலும் பண்ணையிலும் உடல் நோக உழைத்தவர்கள்தான். மாடு வளர்ப்பு அவர்களுடைய பிழைப்பு. ரொட்டியில் வெண்ணெயை அப்பித் தின்பது அவர்களுக்கு மரியாதையான சாப்பாடு. 1971 ஜனவரியில் அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள்: எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள். மறு ஆண்டு தொடங்கிய திட்டத்துக்குப் பொறுப்பேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் யாருடைய நாக்கையும் திட்டவில்லை. ‘மார்த்தா’ என்ற பெண்கள் அமைப்பினர் கிராமம் கிராமமாகக் கூடி, பழைய உணவை உப்பும் கொழுப்பும் குறைத்துச் சமைத்துக் காட்டி எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தொத்திறைச்சி செய்பவர்கள் உப்பைக் குறைத்தார்கள். பால்பண்ணைக்காரர்களின் பிழைப்பு கெடாதிருக்க பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஊக்கம் தரப்பட்டது. பிற்பாடு கொலஸ்ட்ராலை யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று ஊருக்கும் ஊருக்கும் போட்டியே நடந்தது. உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு அடுத்த சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. முயற்சி ஊழை வெல்லும் என்பதை ஒரு மாகாணமே செய்து காட்டியது. அந்த முயற்சியைத் தனி ஆளின் தலையில் கட்டவில்லை, ஊரே பங்கு போட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டும் பாதையைச் செப்பனிடும் வேலைகள். நடக்க நடைபாதை இல்லாத தெருக்களும், பள்ளிக்கூட வாசலிலேயே தொங்கும் நொறுக்குத்தீனிச் சரங்களும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் வகிக்க வேண்டிய இடம் அந்த நான்காவது. அடுத்த முறை சித்தப்பா ஒருவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால், அவர் குடித்த பீடிகளின் கணக்கைக் கேட்காதீர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடக்கக் கிளம்புங்கள்.