வருத்தத்தைச் சொல்லுவதா, மறைப்பதா?

வன்னியிலே ஒரு கிராமப் பாடசாலை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கொப்புளிப்பான் கண்டது. இரு வாரங்களில் இன்னும் இரு பிள்ளைகள் வராமல் நின்றனர். அதிபர் அறிந்திருந்தார், வகுப்பாசிரியையும் அறிந்திருந்தார், பெற்றாருக்கு மட்டும் எவரும் அறிவிக்கவில்லை. அவ்வகுப்பில் படித்த தன் மூத்த மகனை நாள்தோறும் கொண்டுவந்து விட்டுக் கூட்டிச்செல்லும் தாய் ஒருவர் அப்போது கர்ப்பிணி. மகனுக்கு வந்தது, பின்னர் தாய்க்கும் வந்தது, பிரசவத்துக்கு இரண்டு நாள் இருக்கையில். பிறந்த சிசு பல நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தே பிழைத்தது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவனை அம்மம்மா வீட்டிலை விட்டிருப்பன், சுவாமி" என்று அத்தாய் எம்மிடம் சொன்னார்.

அதிபரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். தம் சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருடைய நியாயங்களைக் கேட்டோம். அறிவித்தால் பாதி வகுப்பு வராது. கொப்புளிப்பான் எல்லாருக்கும் வந்து போவதுதானே. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதற் பிள்ளையின் குடும்பத்தை ஊர் ஒதுக்கிவிடும். முதலிரண்டு நியாயங்களும் எமக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றாவது பெரியது. அது எவ்வளவு பெரியதென்பதை நாம் பிழைவிட்டே அறிந்தோம்.

அத்தாயின் சொல் நெஞ்சில் தைக்க, அடுத்த ஞாயிறு பூசையில் நாம் மறுகரைக்குப் பாய்ந்தோம். நோயுற்ற பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி அவர்களுக்காக மன்றாடும்படி சபையைக் கேட்டோம். நல்லெண்ணத்தோடுதான். திங்கட்கிழமை அவ்வீடுகளில் ஒன்றிலிருந்து பொதுக்கிணற்றுக்குப் போன பெண்ணை வாளியைத் தொடவேண்டாம் என்றார்கள். வாளியால் பரவும் வருத்தமல்ல அது. ஆனால் பயம் வைத்திய நூல் படித்துவிட்டு வருவதில்லை. அக்குடும்பத்துத் தகப்பனுக்குச் சில கிழமைகள் கூலி வேலையும் கிடைக்கவில்லை.

ஆக, மௌனத்தால் ஒரு வீடு அழுதது. பேச்சால் இன்னொரு வீடு அழுதது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டா?

உண்மையேயானாலும், தக்க காரணமின்றி ஒருவரின் மறைவான காரியத்தை வெளியிடுவது பாவம் என்று குருமடத்தில் படித்தோம். அங்கே கேள்வி முழுவதும் 'தக்க காரணம்' என்பதில் தங்கியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் கொப்புளிப்பான் இருக்கிறது என்று அறிவதற்கு எல்லாப் பெற்றாருக்கும் தக்க காரணம் உண்டு. அது இன்ன வீட்டுப் பிள்ளைக்கு என்று அறிவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் உண்டு? பெயரைக் கொண்டு அவர்கள் செய்யக்கூடியது விலக்கி வைப்பது ஒன்றுதான்.

லேவியர் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில், தொழுநோயாளி தானே தன் தீட்டைக் கூவி அறிவிக்க வேண்டும் என்றிருக்கிறது. எச்சரிக்கும் பாரம் முழுவதும் நோயாளியின் தலையில். மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலோ ஆண்டவர் ஒரு தொழுநோயாளியைக் குணமாக்கி, ஒருவருக்கும் சொல்லாதே, போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்கிறார். ஆண்டவரின் கருத்து அங்கே வேறு என்று வேதவல்லுநர் சொல்லுவார்கள்; ஏற்கிறோம். ஆயினும் சொல்லவேண்டிய இடம் வேறு, தெரு வேறு என்ற வேறுபாடு அதில் தெளிவாயிருக்கிறது. அந்நாளில் தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் குரு. இன்று அவ்வேலை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போய்விட்டது. (எமக்கு அதில் வருத்தமில்லை.) 1897ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இதற்கெனக் கட்டளைச்சட்டம் உண்டு. பெயர் போகவேண்டிய இடம் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகம்.

எம் ஊர்களில் அம்மாள் வருத்தம் கண்ட வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டினார்கள். அதன் பின்னாலுள்ள நம்பிக்கை எமதல்ல; ஆனால் அதிலுள்ள மரியாதையைக் கவனியுங்கள். அயலான் தூற்றவில்லை, அவ்வீடே அறிவித்தது, வெட்கமின்றி அறிவித்தது. வேப்பிலையைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். ஆனால் இளநீரைப் படலையடியில் வைத்துவிட்டுப் போவார். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவின. கூடாரத்துக்குப் படலை ஏது?

இன்னுமொன்று. 2021 மே 17 இரவு முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை ஆகிய பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. கொரோனா இருந்தது உண்மை. புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலையில் தொற்றுக் கண்டதும் உண்மை. ஆனால் மறுநாள் மே 18, முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றும் நாள். இவ்வறிவித்தல் நோய்க்கா, நினைவேந்தலுக்கா என்று பலர் ஐயுற்றனர். எம் மக்கள் அறிவித்தல்களை இரண்டு தரம் வாசிக்கப் பழகியவர்கள். சிறிய வருத்தத்தை மறைத்த பாடசாலை, பெரிய வருத்தம் வரும் நாளில் உண்மையைச் சொன்னாலும் எவர் நம்புவார்?

கடிதத்தில் அதிகம் வேண்டாம். இன்ன வகுப்பில் இன்ன வருத்தம். கிட்ட இருந்தவருக்கு 10 முதல் 21 நாட்களுக்குள் காணலாம். கொப்புளம் எழ ஓரிரு நாள் முன்னரே தொற்றும். பொருக்கு எல்லாம் காயும்வரை பிள்ளை வீட்டிலே நிற்கட்டும். கர்ப்பிணிகள் உடனே வைத்தியரிடம் அல்லது குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கட்டும். இதைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி அனுப்புங்கள். கைத்தொலைபேசியை மட்டும் நம்பினால், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபின் பாடம் எட்டாத அதே வீடுகளுக்கு எச்சரிக்கையும் எட்டாது.

பதினைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெயரை மறைத்து என்ன பயன், வெறும் வாங்கே சொல்லிவிடுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். இதற்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. அவ்வதிபர் செய்வதையே சொல்லுகிறோம். இப்போது வேறொரு பாடசாலையில் இருக்கும் அவர், கடிதம் அனுப்புமுன் நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குத் தாமே போய், எழுதியதை வாசித்துக் காட்டுகிறார். சென்ற தடவை ஒரு தகப்பன் கேட்டுவிட்டு, "எங்கட பிள்ளையின்ர பேரையும் போடுங்கோ ரீச்சர், ஒளிக்க என்ன கிடக்கு?" என்றாராம்.

அவர் போடவில்லை.