பிள்ளை எழுதிய பக்கத்தை அடிக்கலாமா?

2016 ஏப்ரல் 28 அன்று மாஸ்கோவில் பள்ளி மாணவர்களின் வரலாற்று ஆய்வுப் போட்டிக்குப் பரிசளிப்பு விழா. அரங்க வாசலில் கூடிய கும்பல் வந்தவர்கள்மீது முட்டை வீசியது. நாவலாசிரியை லுத்மிலா உலித்ஸ்கயாவின் முகத்தில் பச்சைச் சாயத்தை ஊற்றினார்கள். 'மெமோரியல்' என்ற அமைப்பு 1999 முதல் நடத்திவந்த போட்டி அது. தங்கள் ஊரும் குடும்பமும் இருபதாம் நூற்றாண்டில் பட்ட பாட்டைப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். ஸ்டாலின் காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் கதைகளும் அந்தக் கட்டுரைகளில் வந்தன. 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பையே கலைக்க உத்தரவிட்டது.

எங்கோ நடந்ததென்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டதும், காந்தி கொலை குறித்த சில வரிகள் காணாமற்போனதும் 2023இல் பெரும் சர்ச்சையாயின. பாடநூல் அரசின் கையில் இருக்கிறது. மாணவர் தாமே எழுதும் ஆய்வுக் கட்டுரையோ ஆசிரியர், பெற்றோர், ஊர்ப் பெரியவர் ஆகியோர் கையில் இருக்கிறது. அங்கே கத்தரிக்கோல் எடுக்க யாருக்கு உரிமை? யாருக்கும் இல்லை. பிள்ளை நேர்மையாகத் தேடிக் கண்டதை, அது பெரியவர்களுக்குத் தலைகுனிவே ஆனாலும், அடித்துவிடச் சொல்வது அறமாகாது.

கொல்கத்தா லேக் மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். தமிழர் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. வாழையிலை, மல்லிகைச் சரம், அரைத்துத் தரும் காபித்தூள் எல்லாம் கிடைக்கும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கற்று, ஆங்கிலேயர் கம்பெனிகளில் வேலை தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். 'எங்கள் பேட்டையின் வரலாறு' என்று ஒரு பள்ளிப் போட்டி வைத்தால் என்ன வரும்? இட்லிக் கடை வரும், சபாக் கச்சேரி வரும், நவராத்திரிக் கொலு வரும். 1906 காங்கிரசுக்கு இந்த நகரத்துக்கு வந்த பாரதியும் வருவார். இவையெல்லாம் வரவேண்டியவைதான். ஆனால் 1943 வருமா?

அந்த ஆண்டு வங்கப் பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கல்கத்தாவின் தெருக்களில் விழுந்து செத்தார்கள். சோறு கேட்கவும் துணியாமல், வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று 'ஃபேன் தாவ்' எனக் கதறியபடி வாசல் வாசலாக நின்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் அரசுக்கு அஞ்சாமல் படங்களை வெளியிட்டது. ஓவியர் சித்தப்பிரசாத் கண்டு வரைந்து எழுதிய 'ஹங்ரி பெங்கால்' நூலின் பிரதிகளைப் பறித்து அழித்தது அன்றைய ஆட்சி. மாண்டவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. அப்போது இந்நகரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்தன? யார் கஞ்சி ஊற்றினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்? அரிசி வியாபாரத்தில் யாராவது கை நனைத்தார்களா? எந்த மெஸ்ஸில் எந்தச் சாதிக்காரருக்கு இலை போட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள்? ஒரு பதினைந்து வயதுப் பெண் இவற்றைக் கேட்டு, கிடைத்த பதிலை எழுதினால், "இதெல்லாம் எதற்கம்மா, நம் பெருமையை எழுது" என்று சொல்லும் வாயே அதிகம் இருக்கும்.

அப்படிச் சொல்பவர்கள் வள்ளுவரையே துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு நிகராகும் என்று வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளிலேயே அவர் இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா என்பார்கள். நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். செத்தவர்களின் கதையை மறைப்பதால் யாருக்கு நன்மை? கதவைச் சாத்தியவரின் வாரிசுக்கு மட்டும். பசியில் விழுந்தவருக்கு அது இரண்டாம் சாவு. அறிவுடைமை அதிகாரத்தில் எவர் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். அந்த 'எவர்' என்பதற்குள் பள்ளிப் பிள்ளையும் அடக்கம்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு சிறுவன் கல்வி கேட்டு குருவிடம் போகிறான். குலம் எது என்கிறார் குரு. பல வீடுகளில் வேலை செய்த காலத்தில் உன்னைப் பெற்றேன், தந்தை யாரென்று அறியேன் என்று தாய் சொன்னதை அவன் ஒளிக்காமல் ஒப்பிக்கிறான். அந்த உண்மைக்காகவே சத்தியகாமனைச் சீடனாக ஏற்றுக்கொள்கிறார் கௌதமர். கடோபநிடதத்தின் நசிகேதன், பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் செய்யும் தந்தையை நேருக்கு நேர் கேள்வி கேட்ட பிள்ளை. இளங்கோவடிகள் பாண்டியனின் பிழையைக் காப்பியத்தின் நடுவிலேயே வைத்தார். அவன் அதைத் தன் தவறென்று ஏற்று உயிர்விட்டதாலேயே இன்றும் மதிக்கப்படுகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் காஷ்மீர வரலாறு எழுதிய கல்ஹணர், விருப்பும் வெறுப்பும் விட்டு நீதிபதிபோல் கடந்ததைச் சொல்பவனையே போற்றினார். பாரதியும் இதே கல்கத்தாவுக்கு வந்தபோதுதான், மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்ற சகோதரி நிவேதிதையின் கேள்வியை எதிர்கொண்டார். கேட்டவரைக் குருவாக ஏற்று நூலையே சமர்ப்பித்தார். இவ்வளவு மரபும் நம் பக்கம் இருக்கும்போது பிள்ளையின் கேள்விக்குப் பயப்படுவானேன்?

ஜெர்மனியின் பாசாவ் நகரில் நடந்ததை நம் ஆசிரியர்கள் அறியவேண்டும். அந்நாட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் மாணவர் வரலாற்றுப் போட்டி 1973 முதல் நடக்கிறது. 1980இல் நாஜி ஆட்சிக்கால அன்றாட வாழ்க்கை என்ற தலைப்பு வந்தபோது, ஆன்னா ரோஸ்முஸ் என்ற இளம்பெண் தன் ஊரைப் பற்றி எழுதப் புறப்பட்டார். ஊர் தலைவணங்கிய சிலர் அந்த ஆட்சிக்குத் துணைபோனவர்கள் என்று ஆவணங்கள் காட்டத் தொடங்கின. ஆவணக் காப்பகத்தின் கதவு சாத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். மிரட்டல்கள் வந்தன. ஆனாலும் 1983இல் நூல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு, நாஜிகளை எதிர்த்து மாண்ட ஷோல் உடன்பிறப்புகள் பெயரிலான பரிசும் கிடைத்தது. அந்த ஊர் அழிந்துவிடவில்லை. அழிந்தது பொய்ப் பெருமை.

உயிரோடிருக்கும் ஒருவரின் மானம், ஒரு குடும்பத்தின் அமைதி ஆகியவையும் கருதத்தக்கவைதான். பெயரை விட்டுவிடலாம். பிள்ளையைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பாமல் ஆசிரியர் பக்கத்தில் நிற்கலாம். அதற்குமேல் அந்த வாதத்துக்கு இடமில்லை.

போட்டி என்ற அமைப்பிலேயே ஓர் ஆபத்து இருப்பதையும் சொல்லவேண்டும். பரிசு வேண்டும் என்றால் நடுவருக்குப் பிடித்ததை எழுதத் தோன்றும். பெருமை எழுதினால் கைதட்டல் எளிது. நாகப்பட்டினத்துப் பிள்ளை தன் வட்டாரத்தின் நெல்லைப் பற்றி முப்பது பக்கம் எழுதி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட தலித் கூலிக் குடும்பங்களின் 44 உயிர்களுக்கு ஒரு வரியும் எழுதாமல் முதல் பரிசு வாங்கினால், பரிசு கொடுத்தவர்கள்தான் குற்றவாளிகள். ஜெர்மானியப் போட்டியில் கட்டுரையோடு, எப்படித் தேடினோம், எங்கே தடைபட்டோம் என்ற அறிக்கையையும் மாணவர் இணைக்கவேண்டும். நம் பள்ளிகளும் அதைக் கேட்கட்டும். எதை விட்டார்கள், யார் சொல்லி விட்டார்கள் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கே போகட்டும்.

தள்ளிப்போடவும் நேரமில்லை. 1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. லேக் மார்க்கெட்டின் பள்ளிகள் அடுத்த போட்டிக்குத் தலைப்பு வைக்கும்போது, பிள்ளைகளை முதலில் அந்த முதியவர்களின் வீட்டுக்கு அனுப்பவேண்டும்.