அன்லிமிடெட் அப்பா

உங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கிலும் பிஸிக்ஸிலும் நல்ல மார்க். எந்த இன்ஜினீயரிங் காலேஜ் என்று நீங்கள் லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ''அப்பா, நான் பைலட் ஆகணும்'' என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

முதல் ஐந்து நிமிஷம் பெருமையாகத்தான் இருக்கும். பெண் பைலட்டுகளின் விகிதம் அதிகமாக இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நூற்றுக்குப் பதினைந்து பேர் என்கிறது அரசாங்கக் கணக்கு. அதில் நம் வீட்டுப் பெண்ணும் ஒருத்தி என்றால் சும்மாவா? ஆறாவது நிமிஷம்தான் அந்தக் கேள்வி வரும். ''எவ்வளவும்மா ஆகும்?''

பதில் கேட்டால் தலை சுற்றும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல். வாங்க இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியிலேயே 45 லட்சத்துக்குக் குறையாது. 200-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 22,500 ரூபாய். நிமிஷத்துக்கு 375. பயிற்சி விமானத்தில் ஏறி, ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

அதோடு முடிவதில்லை. சின்ன விமானத்தில் கற்றுக்கொண்டவர் ஏர்பஸ் 320 மாதிரி பெரிய விமானத்தில் உட்கார 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி வேண்டும். அதற்குத் தனியாகப் பல லட்சம். ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், மெடிக்கல் எல்லாம் வேறு.

எனவே, நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? நாம் எல்லாவற்றுக்கும் செய்வதைத்தான். மலிவான வழி தேடும்.

வழிகள் இருக்கின்றன. உள்ளூர் ஃப்ளையிங் ஸ்கூல் ஒன்று. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் போய்ப் பறந்துவிட்டு வருவது இன்னொன்று. அங்கே விமானங்கள் அதிகம் என்பதால் 200 மணி நேரம் சீக்கிரம் முடியலாம். ஆனால் திரும்பி வந்து நம் டி.ஜி.சி.ஏ. பரீட்சைகளை எழுதி லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். தவிர, நீங்கள் சம்பாதிப்பது ரூபாயில், கட்டுவது டாலரில். மூன்றாவது, விமான கம்பெனிகளே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் 'கேடட்' திட்டம். வேலைக்கு ஓரளவு பிடிமானம் உண்டு. செலவு ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும்.

''விமானப் படையில் சேர்ந்தால் கவர்மென்ட்டே கற்றுத்தருமே?'' என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். தரும். ஆனால் ஷார்ட் சர்வீஸில் போனாலே 14 வருஷம் அங்கே இருக்க வேண்டும். நாட்டைக் காக்கிற வேலையை, ஏர்லைன்ஸுக்குப் போகிற இலவச பஸ் பாஸ் என்று நினைத்து எடுப்பது நியாயமும் இல்லை.

இதில் எது மலிவு? எதில் ஃபீஸ் குறைவோ அது என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பொருள் அதன் அடக்க விலைக்கும் கீழே கிடைக்கிறது என்றால், மீதியை யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். காமர்ஸ் படித்தவனுக்கு இந்தச் சந்தேகம் கூடப்பிறந்தது. கட்டுவது யார், அவரிடம் கேட்டோமா?

முதல் ஆள், முகம் தெரியாத பயணி.

பைலட்டுகள் உலகத்தில் ஒரு கிண்டல் உண்டு. 'பி-51 மணி நேரம்' என்பார்கள். பி-51 என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரபலமான போர் விமானம். ஆனால் இவர்கள் சொல்வது பார்க்கர் 51 பேனா! பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக லாக் புக்கில் எழுதிக்கொள்வது. பெட்ரோல் செலவில்லை, இன்ஸ்ட்ரக்டர் செலவில்லை. இங்க் செலவுதான்.

கிண்டலோடு நின்றால் பரவாயில்லை. 2011-ல் இந்தியாவில் ஒரு விமானி, முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி விமானத்தை இறக்கியதை விசாரிக்கப் போனார்கள். நூல் பிடித்துக்கொண்டே போனால், பாஸாகாத பரீட்சைக்குப் போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். ராஜஸ்தானில் பறக்காமலே மணிக்கணக்கு எழுதிய விவகாரமும் அதே வருஷம்தான் வெடித்தது.

அப்படி மிச்சம் பிடித்த பணம் எங்கிருந்து வந்தது? பின்னால் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு இட்லியா, சாண்ட்விச்சா என்று யோசித்துக்கொண்டிருந்த 180 பேரிடமிருந்து, அவர்களைக் கேட்காமல் வாங்கிய கடன் அது. ஆகவே இந்த வகை மலிவைப் பற்றி விவாதமே தேவையில்லை. 'ஃபீஸ் குறைச்சல், ஆறு மாசத்தில் முடிச்சுடலாம், பரீட்சையை நாங்க பார்த்துக்கறோம்' என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். காபி கொடுத்தால்கூடக் குடிக்க வேண்டாம்.

இரண்டாவது ஆள் விஷயம்தான் கஷ்டமானது. அவர் முகம் நமக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறீர்கள்.

7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பேங்கில் பொதுவாக ஈடு கேட்பார்கள். ஈடு என்றால், இருபது வருஷம் தவணை கட்டி மீட்ட உங்கள் வீட்டுப் பத்திரம். 60 லட்சம் கடன், 11 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 55,000. பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் இ.எம்.ஐ. சுமார் 82,650 ரூபாய். வேலை கிடைத்துவிட்டால் பைலட் சம்பளத்தில் கட்டிவிடலாம். கிடைக்க இரண்டு வருஷம் ஆனால்? வட்டியே 13 லட்சம் ஏறியிருக்கும். வேலையில்லாத பைலட் லைசென்ஸைச் சும்மா பீரோவில் வைக்கவும் முடியாது. மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் அதற்கு உயிர்.

''நாட்டில் பைலட் பஞ்சம்னு பேப்பர்ல போடறாங்களே?'' உண்மைதான். 2023-ல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஆனால் பஞ்சம் பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான். 200 மணி நேரம் முடித்து வாசலில் நிற்கும் புதியவர்களின் வரிசை எப்போதுமே கொஞ்சம் நீளம்.

இந்தத் தொழிலின் சரித்திரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2003-ல் ஏர் டெக்கான் வந்து குறைந்த கட்டண விமானங்கள் பெருகின. ஏராளமான பிள்ளைகள் கடன் வாங்கி வெளிநாடு போய் லைசென்ஸோடு திரும்பினார்கள். 2008-ல் பொருளாதாரம் படுத்தது. பலர் வருஷக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். 2020-ல் கொரோனா வந்து, இரண்டு மாதம் உள்நாட்டில் பயணிகள் விமானமே ஓடவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். பதினாறு வருஷத்துக்குள் ஐந்து அடி. இதில் எதற்கும் படித்த பிள்ளையின் திறமை காரணமில்லை.

இங்கே ஒரு விசித்திரம். பி.காம். படிக்கும்போது முதலில் சொல்லித்தருவது, 'லிமிடெட்' என்றால் என்ன என்று. கம்பெனி நஷ்டப்பட்டால், பங்குதாரர் போட்ட பணத்தோடு அவர் பொறுப்பு முடிந்தது. அவர் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் உலகத்தில் பெரிய ரிஸ்க் எடுக்கிறார்கள். விமான கம்பெனிகள் எல்லாமே லிமிடெட். முதலாளி லிமிடெட். அதே விமானத்தில் உட்கார ஆசைப்பட்ட பெண்ணின் அப்பா மட்டும் அன்லிமிடெட்! நஷ்டம் வந்தால் வீடு வரைக்கும் அவர் பொறுப்பு.

''அவர் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்?'' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் எனக்குச் சிக்கல். 'வேண்டாம்' என்று சொல்லவே முடியாத ஒருவர் 'சரி' என்று சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ''உன் சந்தோஷம்தாம்மா எங்களுக்கு முக்கியம்'' என்பார் அப்பா. அம்மாவிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள். கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை எடுத்து வைப்பாள். ''அவளுக்குச் சேர்த்ததுதானே, அவளுக்கே ஆகட்டும்.'' நகை விஷயத்தில் நான் மகள் கட்சி. கழுத்தில் தொங்குவதைவிட அவள் கையில் ஒரு தொழிலாக இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் வீடு அவளுக்காக மட்டும் கட்டியதில்லை. மூலையில் ஒன்பதாவது படிக்கும் தம்பி ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கிறான். மூன்று வருஷம் கழித்து அவன் காலேஜ் ஃபீஸுக்கு என்ன வழி? அவனுக்கு இந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை.

பாசத்தில் கொடுக்கிற சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் இல்லாவிட்டால் நம்மில் பலர் டிகிரியே வாங்கியிருக்க மாட்டோம். கொடுப்பவர் தன்னால் அளவு சொல்ல முடியாமல் தவிக்கும்போது, அந்த அளவைக் கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் கடமை. அதைத்தான் சொல்கிறேன். 'அப்பா, நீங்க எவ்வளவு வரைக்கும் இழக்கலாம்?' என்று பிள்ளைதான் முதலில் கேட்க வேண்டும். அப்பா அவராக வாயைத் திறக்க மாட்டார்.

''அப்போ பணக்காரப் பிள்ளைகள் மட்டும்தான் பறக்கணுமா?'' நியாயமான கோபம். இல்லை. அன்லிமிடெட் அப்பாவை லிமிடெட் ஆக்கிக்கொண்டு பறக்கலாம். அதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

முதலில் உடம்பு. ஒரு ரூபாய் ஃபீஸ் கட்டுவதற்கு முன் மெடிக்கல் பாருங்கள். கண்ணாடி போட்டிருந்தால் பைலட் ஆக முடியாது என்பது பழைய கதை. ஆனால் நிறக்குருடு இருந்தால் பெரும்பாலும் கதவு மூடிக்கொள்ளும். அதைச் சில ஆயிரம் செலவில் தெரிந்துகொள்வது நல்லதா, 20 லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது நல்லதா?

அடுத்து பரீட்சை. ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள் என்று டி.ஜி.சி.ஏ. பேப்பர்களைப் பறக்கும் முன்பே எழுதலாம். 70 மார்க் எடுத்தால்தான் பாஸ். வீட்டில் உட்கார்ந்து படித்து அதை எடுத்துக்காட்டுகிற பெண்ணுக்கு ஆசை நிஜமாகவே இருக்கிறது என்று நம்பலாம். பிறகு பயிற்சி. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்லும் இடத்தைத் தவிருங்கள். பறக்கப் பறக்கக் கட்டுங்கள். கூடவே தபாலில் ஒரு டிகிரி. ஒவ்வொரு படியிலும் திரும்பி வர ஒரு கதவு இருக்க வேண்டும். தலித் மாணவர்களுக்கு, மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பட்டியலில் சி.பி.எல். படிப்பும் இருக்கிறது. பல வீடுகளுக்கு இது தெரியாது. விசாரியுங்கள்.

எதுவும் இல்லையென்றால், தள்ளிப் போடுங்கள். பைலட் ஆக 18 வயதிலேயே ஓட வேண்டும் என்று சட்டம் இல்லை. கமர்ஷியல் பைலட் 65 வயது வரை பறக்கலாம். வேறு வேலைக்குப் போய், ஐந்தாறு வருஷம் சேர்த்து, 26 வயதில் தொடங்கினாலும் நாற்பது வருஷத்துக்கு ஒன்றும் பெரிய குறையில்லை. அந்த ஐந்தாறு வருஷம் அவள் கட்டுகிற விலை. அது அவளுடையது. தம்பியுடையது அல்ல.

இதையெல்லாம் வீட்டில் எப்படிப் பேசுவது? அந்தத் தொழிலே ஒரு வழி வைத்திருக்கிறது. ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது 'வி-1' என்று ஒரு வேகம் உண்டு. அதற்குள் இன்ஜினில் கோளாறு என்றால் பிரேக் போட்டு நிறுத்திவிட வேண்டும். தாண்டிவிட்டால் ஒற்றை இன்ஜினோடாவது மேலே எழும்பித்தான் ஆக வேண்டும், நிறுத்த ஓடுபாதை போதாது. முக்கியமான விஷயம், அந்த வேகத்தை ஓடும்போது முடிவு செய்வதில்லை. விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், அன்றைய வெயில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, கிளம்பும் முன்பே முடிவு செய்கிறார்கள். பதற்றத்தில் இருக்கும் மனிதன் சரியாக முடிவெடுக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு முழு வெள்ளைத் தாள் எடுங்கள். வீட்டில் எல்லோரையும் உட்கார வையுங்கள், ஹோம்வொர்க் செய்கிற தம்பி உள்பட. எந்தத் தொகை வரை போகலாம், எந்தப் பரீட்சையில் எத்தனை தடவை தோற்றால் நிறுத்தலாம், லைசென்ஸ் வாங்கி எத்தனை மாதம் வேலைக்குக் காத்திருக்கலாம் என்று எழுதுங்கள். எழுதும்போது பேனா உங்கள் மகள் கையில் இருக்கட்டும். தொகையை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், உண்மையான தொகையை.