ஊட்டும் கையும் காத்திருக்கும் கையும்

விழுந்தவரை ஓடிச்சென்று தூக்குவது அன்பு. இதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால், எழ முயல்கின்ற ஒருவரைத் தூக்காமல் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் அன்பாக இருக்க முடியுமா? நோயுற்றோரைப் பேணும் இல்லங்களில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் வினா இது.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இவ்வினா ஒருநாள் உரக்கவே எழுந்தது. குடும்பத் தலைவர் பள்ளி ஆசிரியர். ஒரு வாரம் வயிற்றுப்போக்கால் அவதியுற்றார். அது நின்று சில நாள் கழித்துப் பாதங்களில் மதமதப்பு கண்டது. மறுநாள் படியேற முடியவில்லை. நான்காம் நாள் சட்டைப் பித்தானைப் போட விரல் வளையவில்லை. ஒரு வாரத்திற்குள் மூச்சுவிடக் கருவி தேவைப்பட்டது.

கில்லன் பாரே நோய் என்றனர் மருத்துவர்கள். 1916-இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூவர் விவரித்த நோய் இது. ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஒருவரையோ இருவரையோ தாக்குவது. 2025 ஜனவரியில் புனே நகரில் பலரை ஒருசேரத் தாக்கியபோதுதான் நம்மில் பெரும்பாலோர் இதன் பெயரையே கேள்வியுற்றோம். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, வழி தவறித் தன் நரம்புகளையே தாக்கிவிடுகிறது. குருதி நீரை மாற்றுவதாலோ, நோயெதிர்ப்புப் புரதத்தைச் செலுத்துவதாலோ இத்தாக்குதலைத் தணிக்கலாம். பெரும்பாலோர் சில மாதங்களில் மீண்டும் நடக்கின்றனர். சிலருக்கோ ஆண்டுகள் ஆகின்றன; சிலரிடம் குறை நிலைத்தே விடுகிறது.

ஆசிரியர் உயிர் பிழைத்தார். இனிப் பயிற்சிதான் மருந்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினர். எந்தப் பயிற்சி, எங்கே, எவ்வளவு என்று சொல்வார் இல்லை. அரிய நோயின் உண்மையான தனிமை இங்கேதான் தொடங்குகிறது. பக்கவாதம் என்றால் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வழி தெரியும்; இதற்கோ உள்ளூர் மருத்துவருக்கும் முன்னனுபவம் இல்லை. எண்ணெய் தேய்க்கச் சொன்னவர் உண்டு. நேர்ச்சை செய்யச் சொன்னவரும் உண்டு. கடன் வாங்கி ஒரு பெருநகர நிலையத்தில் சேர்த்தனர். அங்கே கருவிகள் பளபளத்தன. நாள்தோறும் அட்டவணைப்படி அவரை நிற்க வைத்தனர், இழுக்க வைத்தனர். மாலையில் துவண்டு விழுவார். மறுநாள் முந்தின நாள் உயர்த்திய கையும் உயராது. அவர் முயலவில்லை என்று கடிந்துகொண்டனர்.

உண்மை வேறு. நரம்பின் மேலுறை மட்டும் பழுதுற்றிருந்தால் அது விரைவில் சீராகலாம். உள்ளிழையே சிதைந்திருந்தால், அது மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மாதத்திற்கு ஓர் அங்குலம். அதட்டினாலும் அழுதாலும் அந்த வேகம் கூடாது. அதுவரை மூட்டுகள் இறுகிவிடாமல் காப்பதும், தொங்கும் பாதத்திற்குத் தாங்கி அணிவிப்பதும், களைப்பு மிகுமுன் ஓய்வளிப்பதுமே பயிற்சியின் சாரம்.

மூன்றாவதாகச் சென்ற இடம் எளியது. அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது, "நீங்கள் மறுபடி எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்பதே. "கரும்பலகையில் எழுத வேண்டும்" என்றார் ஆசிரியர். "அப்படியானால் முதலில் இட்லியைப் பிட்டு நீங்களே உண்ணுங்கள்" என்ற மருத்துவர், அவர் மனைவியிடம் திரும்பி, "அம்மா, இனி நீங்கள் ஊட்டக்கூடாது" என்றார். அந்தத் தாய் பொங்கிவிட்டார். "ஏழு மாதம் ஊட்டிய கை இது. அவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் கல்நெஞ்சக்காரியா?"

அவர் கேள்வி நியாயமானது. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால், ஊட்டும்போது நாம் யாருடைய துன்பத்தைப் போக்குகிறோம்? பசித்தவரின் துன்பத்தையா, தடுமாற்றத்தைக் காணப் பொறாத நம் துன்பத்தையா? பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கின்றன. அதில் குற்றமில்லை, அறியாதிருப்பதே தீங்கு. இயலாதவருக்கு ஊட்டுவது கடமை. இயலத் தொடங்கியவருக்கு ஊட்டுவது, அவர் கையிலிருந்து அவர் வாழ்வை வாங்கிக்கொள்வது.

அப்படியாயின், அவரே செய்யட்டும் என்று வருத்திய அந்தப் பெருநகர நிலையம் செய்ததும் சரிதானே எனலாம். அன்று. அவர்கள் அட்டவணையைப் பார்த்தனர், மனிதரைப் பார்க்கவில்லை. ஊட்டிய அன்பும் விரட்டிய பயிற்சியும் எதிரெதிராகத் தோன்றினும் ஒரு தாய் மக்களே. இரண்டுக்கும் காத்திருக்கத் தெரியாது. காத்திருத்தல் என்பது கைவிடுதலும் அன்று. விழுந்தால் ஏந்துவதற்குக் கீழே ஒரு கை விரிந்திருக்க, மேலே மற்றவர் கை தன் முயற்சியில் உயர்வது அது. ஆகவே, தக்க பராமரிப்பைத் தேடுவோர் கட்டடத்தையும் கருவியையும் நோக்குமுன் சிலவற்றைக் கேட்டறிதல் நலம்: இந்நோயை முன்பு கண்டவர் உண்டா? நோயாளியின் விருப்பத்தைக் கேட்கிறார்களா? களைப்பை மதிக்கிறார்களா? வீட்டாருக்கும் கற்றுத் தருகிறார்களா?

இத்தகைய இடங்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தமக்கான மறுவாழ்வுப் பயிற்சியைக் கடல் கடந்து தேடிப் பெற்றார். நியூயார்க்கில் அத்துறையைக் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தாம் அலைந்தது போலப் பிறர் அலையலாகாது என்பதற்கு இதைவிட நல்ல விடை வேறென்ன? தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரே.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுப் பெத்சதாக் குளக்கரையில் கிடந்தவர் தம் நோயைப் பற்றி முறையிடவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றே முறையிட்டார். இலட்சத்தில் ஒருவரின் நோய் என்பது மருத்துவக் கணக்கு. அந்த ஒருவருக்கு ஆளில்லை என்பது நம் கணக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக இயன்முறைப் பயிற்சி இல்லங்களுக்கே வருகிறது. இச்செய்தியை அறியாத வீட்டுக்குச் சென்று சொல்வதும், பயிற்சிக்குச் செல்வோருக்குத் துணையாகப் பேருந்தில் அமர்வதும்கூட இறக்கிவிடுதலே.

ஆசிரியர் இன்று பாதத்தாங்கி அணிந்து நடக்கிறார். கரும்பலகையில் எழுதுகிறார், எழுத்து கோணலாகவே விழுகிறது. பழைய உடல் திரும்பவில்லை. முதன்முதலாக அவர் ஓர் இட்லியை உண்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று என்று அவர் மனைவி நம்மிடம் கூறினார். அந்த முக்கால் மணி நேரமும் தம் கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டே அமர்ந்திருந்தாராம். ஏழு மாதம் ஊட்டியதைவிட அதுவே கடினமாக இருந்தது என்றார்.