கல் வளர்க்கும் நுண்ணுயிர்கள்

கல்லுக்கு உயிரில்லை என்பது சரி. கல் உருவானதில் உயிருக்குப் பங்கில்லை என்று நினைத்தால் அது பெரிய தவறு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே வளைகுடாவில் ஹாமலின் பூல் என்றொரு பகுதி. அங்கே கடல்நீரில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உப்பு. பாசியை மேயும் நத்தைகளுக்கு அந்த உப்பு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் அங்கே ஆழமில்லாத நீரில் கரும்பாறைகள் வளர்கின்றன. ஆம், வளர்கின்றன! நத்தைகள் மேயாததால் பாறையின் மேல் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் பிழைத்திருக்கிறது. அதில் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் கோடானுகோடி. வெயில் பட்டதும் நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்து உணவு தயாரிக்கின்றன. அந்த வாயு குறையக் குறைய நீரின் அமிலத்தன்மையும் குறைந்து, கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. படலத்தின் பசையில் மணலும் ஒட்டிக்கொள்கிறது. மூடிவிட்டால் வெளிச்சம் கிடைக்காதே! உடனே நுண்ணுயிர்கள் மேலேறி வந்து புதுப் படலம் விரிக்கின்றன. இப்படி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட உயராமல் அடுக்கடுக்காக எழுவதுதான் ஸ்ட்ரோமடோலைட். அதே மாநிலத்தின் பில்பாராவில் 340 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்ட்ரோமடோலைட்டுகளே கிடைத்திருக்கின்றன.

சுண்ணாம்போடு இந்த நுண்ணுயிர்களின் வேலை முடியவில்லை. சயனோபாக்டீரியாக்கள் வெளிவிட்ட ஆக்சிஜன் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியது. கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் படிந்தது. செம்பிலிருந்து மாலகைட் போன்ற பச்சைக் கற்கள் பிறந்ததும் அந்த ஆக்சிஜனால்தான். கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனும் அவர் குழுவினரும் 2008இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: அன்று அறிந்திருந்த சுமார் 4,300 கனிமங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை, நேராகவோ சுற்றிவளைத்தோ, உயிரினங்களால் வந்தவை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒரு கோளின் கல்லையே மாற்றியிருக்கின்றன. இதைவிட வியப்பு எனக்கு வேறில்லை.

ஹாமலின் பூலில் ஒரு காலத்தில் கம்பளி மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன வண்டிகள் இந்தப் படலத்தின் மேலேயே ஓடின. பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்தச் சக்கரத் தடம் மூடவில்லை. இன்று இந்தப் படலங்களின்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வைத்திருக்கும் கட்டுப்பாடு மிகச் சரி.